கடைசித் துண்டு உடைகிற அன்று

அடையாறு பஸ் டிப்போ வாசலில் நின்று பார்த்தால் எங்கள் ஆய்வுக்கூடம் தெரியாது. மருந்துக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவே ஒரு சந்து போகும். அதன் கடைசிக் கட்டடத்தில் தரைத்தளம். முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். "ஒட்டினதைப் பிரிக்கிறோம்" என்பேன். பாதிப் பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள், எனக்கும் அதுதான் வேண்டும்.

பதிலில் பொய் கிடையாது. படகின் மேல்தளம், ரயில் பெட்டிக் கதவு, காற்றாலை இறக்கை எல்லாவற்றையும் இப்போது ஒரு வகைப் பலகையில் செய்கிறார்கள். மேலேயும் கீழேயும் கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்த மெல்லிய தோல். நடுவே தெர்மாகோலின் பெரியண்ணன் மாதிரி கெட்டியான ஒரு நுரை. சாண்ட்விச் பலகை என்று பெயர். எடை குறைவு, சுலபத்தில் வளையாது. அதற்கு இருக்கிற பெரிய வியாதி, தோல் நுரையை விட்டுப் பிரிந்துகொள்வது. பிரிய ஆரம்பித்தது வெளியே தெரியாது, படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் உள்ளே இருக்கும் விரிசலை இன்னும் கொஞ்சம் ஓடவைக்க எவ்வளவு சக்தி செலவாகிறது என்று முன்கூட்டியே அளந்துவைப்பார்கள். நிறைய செலவானால் நல்ல பலகை. புத்தகத்தில் முறிவுத் தாங்குதிறன் என்று போட்டிருக்கும். நாங்கள் டஃப்னெஸ் என்றே சொல்லிக்கொள்வோம்.

அளப்பது அவன் வேலை. அளக்கும் முன்பே கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

அவன் கோடம்பாக்கத்துக்காரன். அவன் அப்பா சினிமாவுக்கு செட் போடுகிறவர். கோவில் தூண், அரண்மனைச் சுவர், மலைப்பாறை எல்லாம் அவர் கையில் நுரையும் ஃபைபருமாக உருவாகும். "எங்க நைனா கட்டின கோட்டைய ரெண்டு பேர் தூக்கிக்கினு போவாங்க" என்பான். சின்ன வயதிலிருந்தே பிசின் வாசனைக்குப் பழகியவன், எங்கள் இடத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. நான் மயிலாப்பூர். நுரையையும் பிசினையும் திரையில் கட்டங்களாகத் தவிர வேறெங்கும் பார்க்காதவள். வந்த முதல் வாரமே எனக்கு 'மாமி' என்று பெயர் வைத்துவிட்டான். கோபப்பட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை.

அவன் வேலை செய்கிற விதம் பார்க்க அழகாக இருக்கும். பலகை செய்யும்போதே ஒரு ஓரத்தில் தோலுக்கும் நுரைக்கும் நடுவே ஒட்டாத மெல்லிய படலம் ஒன்றை வைத்துவிடுவான். அங்கே பிசின் பிடிக்காது. அதுதான் விரிசலின் வாய். பலகையை ரூலர் அகலத்துக்குத் துண்டுகளாக அறுத்து, வாய்ப்பக்கம் சின்னதாக ஒரு கதவுக் கீலை ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி, மேல் தோலை மெதுவாகத் தூக்க வேண்டும். விரிசல் ஓடுவது கண்ணுக்குத் தெரிவதற்காகத் துண்டின் பக்கவாட்டில் வைட்னர் பூசி, பென்சிலால் கோடு போட்டு வைப்பான். வெள்ளையில் கறுப்பாக ஒரு மயிரிழை ஊர்ந்து போகும். அவ்வளவு வைட்னரும் மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு ஸ்டேஷனரி கடையில்தான் வாங்குவோம். "இவ்வளவு தப்பு பண்ற ஆளை எந்த ஆபீஸ்ல வச்சிருக்காங்க?" என்று அந்தக் கடைக்காரர் ஒரு நாள் அவனிடமே கேட்டுவிட்டாராம்.

நான் அதே துண்டைக் கணினியில் கட்டுவேன். தோலுக்கும் நுரைக்கும் நடுவே பசைக்குப் பதிலாக ஒரு வரிசைக் கட்டங்களை வைத்து, எவ்வளவு இழுத்தால் கைவிடலாம் என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பேன். பிறகு ஓடவிட வேண்டியதுதான். சில நாள் ஒழுங்காக ஓடி முடியும். சில நாள் பாதியில் மக்கர் செய்யும், நான் திரையைத் திட்டிக்கொண்டிருப்பேன். முடிவில் ஒரு வளைகோடு வரும். இவ்வளவு திறந்தால் இவ்வளவு விசை, இந்த இடத்தில் விரிசல் ஓடும் என்று அது சொல்லும்.

இதில் எங்கள் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த ஆய்வுக்கூடத்தை ஆரம்பித்தவர் அவர். "அளக்கிறவனுக்குக் கணக்கு தெரிஞ்சா அவன் கண்ணு அங்கேயே போய் நிக்கும். கணக்கு போடறவளுக்கு அளவு தெரிஞ்சா அவ கை அங்கேயே போகும்" என்பார். ஆகவே துண்டு இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்பிருந்து முடிவு வருகிறவரை அந்தத் துண்டைப் பற்றி நாங்கள் பேசக் கூடாது. எண்ணைச் சொல்லக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, முகத்தில்கூடத் தெரியக் கூடாது. பிறகு இருவரும் அவரவர் கோட்டை ஒரே அளவில் பட்டர் பேப்பரில் எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். "வைங்க" என்பார். இரண்டு காகிதமும் ஒரே நேரத்தில் மேஜையில் விழ வேண்டும். அவர் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பார்ப்பார்.

என்றுமே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அது அவருக்குப் பிடிக்கும். ஒரே ஒரு தடவை இரண்டு கோடும் ஒன்றாகவே படிந்துவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யார் எட்டிப் பார்த்தது?" என்றார். இயற்கைக்கு அவ்வளவு நல்ல குணம் கிடையாது என்பது அவர் கட்சி. நாங்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை என்பதை அவர் கடைசிவரை நம்பவும் இல்லை.

முகத்தில் தெரியக் கூடாது என்ற விதியை நான் கஷ்டப்பட்டுத்தான் கடைப்பிடித்தேன். அவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. துண்டு பாதியில் படாரென்று உடைந்தாலும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தைப் படித்துவிட வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை முயன்று தோற்றிருக்கிறேன்.

வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மற்ற எல்லாவற்றையும் பேசினோம். சாயங்காலம் டிப்போ வரை ஒன்றாக நடப்போம். அவனுக்கு தி.நகர் பஸ், எனக்கு மயிலாப்பூர் பஸ். எது முதலில் வந்தாலும் அதை விட்டுவிடுகிற பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவன் அப்பா ஒரு தடவை போட்ட சிறைச்சாலை செட்டில் நடிகர் சாய்ந்ததும் சுவர் மொத்தமும் சாய்ந்த கதையைச் சொல்வான். எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டாருக்காக நடக்கும் சண்டைகளை நான் சொல்வேன். மற்றவர்களிடம் சொன்னால் அலுத்துக்கொள்வார்கள் என்று நான் வைத்திருந்த விஷயங்களையெல்லாம் அவன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டான்.

ஒரு நாள் அதே இடத்தில், "வூட்ல கேட்ரலாமா?" என்றான்.

எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். சாதி வேறு, சமையல் வேறு, இரண்டு வீட்டிலும் இப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை. கேட்காமல் செய்துகொள்ள இருவருக்குமே மனமில்லை. சம்மதம் என்று சொன்னால்தான் மேலே பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

அப்போது அந்த யோசனை வந்தது. யார் முதலில் சொன்னது என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு. அவன் வீட்டுப் பதில் எனக்கு முன்பே தெரிந்தால், அதை வைத்து என் வீட்டை நான் நெருக்குவேன். என் வீட்டுப் பதில் தெரிந்தால் அவனும் அதைத்தான் செய்வான். ஒரு வீடு வேண்டாம் என்றால் மற்றவருக்கு அது கடன் மாதிரி கழுத்தில் தொங்கும். ஆகவே தனித்தனியாகக் கேட்பது. பதிலை ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருப்பது. அப்போது ஒரு படகு நிறுவனத்துக்காக மேல்தளப் பலகையைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அந்த வரிசையின் கடைசித் துண்டு உடைகிற அன்று, இருவரும் ஒரே நேரத்தில் வைப்பது.

"சார் இல்லாம யாரு 'வைங்க'ன்னு சொல்றது?" என்றேன்.

"நானே சொல்றேன் மாமி. இன்னா இப்போ?"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நினைத்தேன். ஊரில் காதலிக்கிறவர்கள் எல்லாம் போனில் அழுதுகொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஒழுங்காக ஒரு சோதனை நடத்துகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

வீட்டில் சொன்னேன். அம்மா ரசத்தைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பல நாள் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா வழக்கம்போலப் பேப்பர் படித்தார், வழக்கம்போல மாடவீதி சுற்றிவிட்டு வந்தார். பிறகு ஒரு காலை, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, "அவாளை ஒரு நாள் ஆத்துக்கு வரச் சொல்லு. பேசிப் பாக்கலாம்" என்றார். உள்ளேயிருந்து அம்மா, "நம்மாத்து சமையல் அவாளுக்குப் பிடிக்குமோ என்னவோ" என்றாள். எங்கள் வீட்டில் சம்மதம் என்பது இப்படித்தான் வரும். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

ஆய்வுக்கூடத்தில் அவன் கீலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் போனேன். அதுவரை அந்த முகத்தை வைத்துக்கொள்ள நான் திணறித்தான் இருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து நன்றாக வந்தது.

கடைசி வரிசை எங்களைப் படுத்தியது. விரிசல் தோலும் நுரையும் சேருகிற இடத்தில் ஓட வேண்டும். அப்படி ஓடினால்தான் அந்த ஒட்டின் பலம் தெரியும். இந்தத் துண்டுகளில் அது கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய்விட்டு, சட்டென்று நுரைக்குள் இறங்கிவிட்டது. வழி மாறிய துண்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். பேராசிரியர் வேறு பலகை செய்யச் சொன்னார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பிசின் சரியாக இறுகாமல் அந்தப் பலகையும் வீணாயிற்று. அடுத்ததில் அறுத்த துண்டுகள் நன்றாக ஓடின. கடைசி ஒன்று பாக்கி, வைட்னர் பூசி, கோடு போட்டு, அலமாரித் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் படகு நிறுவனம் வேறு நுரைக்கு மாறப்போவதாகவும், இனி இந்தச் சோதனை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. பேராசிரியர் தோளைக் குலுக்கிவிட்டு இயந்திரத்தை வேறு வேலைக்குத் திருப்பினார்.

உடைய வேண்டிய துண்டு உடையவில்லை. எங்கள் ஏற்பாட்டில் அதற்கு வழி சொல்லி வைத்திருக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். வாயைத் திறந்து கேட்பதற்கென்ன என்று தோன்றும். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு, ஏற்பாட்டை முறித்து முதலில் கேட்பது அவனை நெருக்குவது ஆகிவிடும் என்று நினைத்தேன். அவன் வீட்டில் சரியென்று சொல்லியிருந்தால் இந்தக் கல்லுளிமங்கனாலும் சும்மா இருக்க முடியாது, ஒரு சின்னச் சிரிப்பாவது வெளியே வந்திருக்கும் என்றும் நினைத்தேன். சிரிப்பு எதுவும் வரவில்லை. டிப்போ வரை நடந்தோம், வந்த பஸ்ஸில் ஏறினோம்.

பிறகு அவனுக்கு விசாகப்பட்டினத்தில் ஒரு வேலை கிடைத்தது. கப்பல் கட்டுகிற இடம், நல்ல வேலை. வழியனுப்ப கேக், சமோசா எல்லாம் வாங்கினார்கள். எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் அவன் அலமாரிப் பக்கம் வந்து நின்றான். தட்டில் இருந்த துண்டைப் பார்த்தான்.

"கடைசி பீஸ் இன்னும் ஒடையலியே மாமி" என்றான்.

வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்று இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானும் சாதாரணமாகவே பதில் சொன்னேன்.

"ஆமா. இன்னும் உடையலை."

அவன் தலையாட்டினான். மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

அவன் கல்யாண அழைப்பு ஆய்வுக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. தி.நகரில் ஒரு மண்டபம். போகாமல் இருந்தால் பேசுவார்கள் என்று போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, மேடையேறி, பரிசைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்தேன். கீழே இறங்கும்போது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்தது இல்லை. நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "ஒரு தபா வூட்டுக்கு வந்துட்டு போயிருக்கலாமேம்மா" என்றார். கையை உடனே விடவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்காகக் காத்திருந்தேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். வந்த வரன்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்கிற மாதிரி ஒருவரும் வரவில்லை. பேராசிரியர் காலமாகிவிட்டார். ஆய்வுக்கூடம் நன்றாக நடக்கிறது. இப்போது வைட்னர் கிடையாது. துண்டின் மேல் கறுப்புப் புள்ளிகளைத் தெளித்து, கேமராவை வைத்து, விரிசல் எங்கே இருக்கிறது என்று மென்பொருளே சொல்லிவிடும். பட்டர் பேப்பரும் கிடையாது. சோதனை நடக்க நடக்க எண் என் திரைக்கு வந்துகொண்டிருக்கும், நானும் என் கணக்கை அங்கங்கே சரிசெய்துகொண்டிருப்பேன். வேலை சீக்கிரம் முடிகிறது. அந்தப் பழைய துண்டு மட்டும் இன்னும் தட்டில் இருக்கிறது. யாரும் எடுத்துப் போடவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் அவன் வந்தான். இப்போது கப்பல் நிறுவனத்தின் சார்பில், எங்களிடம் வேலை கொடுக்கிற வாடிக்கையாளராக. முன்தலையில் முடி குறைந்திருந்தது. கூட்டத்தில் என்னை "மேடம்" என்றான். எல்லோரும் எழுந்து போனதும், "இன்னா மாமி, எப்டி கீற?" என்றான். லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டியிருப்பதால் நான் வீட்டுக்குப் போக எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்று புலம்பினேன். பழையபடி டிப்போ வரை நடந்தோம். எதிரே இருக்கும் காபிக் கடையில் நின்றுகொண்டே குடித்தோம். மகளின் போட்டோவைக் காட்டினான். அவன் மூக்கு, பாவம். அவன் அப்பாவுக்கு இப்போது செட் வேலை குறைவு, எல்லாம் கணினியிலேயே செய்துவிடுகிறார்களாம். "உன் ஆளுங்கதான் மாமி" என்றான். என் பெற்றோரை விசாரித்தான்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்தக் கடைசி பீஸ் இன்னும் அங்கயே கீது. உள்ள வரும்போதே பாத்தேன்."

"யாரும் தொடலை."

"உங்க வூட்ல இன்னா சொன்னாங்க?"

தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நாளைக்குப் பிறகு அது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். "நீ முதல்ல சொல்லு" என்றேன்.

"அப்டி கெடையாதே. ஒரே டைம்ல."

"சரி. நீயே சொல்லு, எப்போன்னு."

அவன் சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "வைங்க" என்றான்.

"சரின்னுட்டா" என்றேன். "சரின்னுட்டாங்க" என்றான். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. காபிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் வீட்டில் கேட்ட மறுநாளே சொல்லிவிட்டார்களாம். அவன் அம்மா எனக்குக் கொடுக்க என்று ஒரு புடவைகூடப் பார்த்து வைத்திருந்தாராம். நான் அன்றைக்குக் கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தேனே, அப்போதே எங்கள் வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். தெரிந்துவிட்டது என்றுதான் சொன்னான். கடைசி நாளில் எதற்கும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று அலமாரிப் பக்கம் வந்திருக்கிறான். இன்னும் உடையவில்லை என்று நான் சொன்னேன்.

தி.நகர் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. மயிலாப்பூர் பஸ் வந்தது, நானும் ஏறவில்லை. பிறகு அவன் தங்கியிருந்த ஹோட்டலுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான்.

பேராசிரியர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் எட்டிப் பார்த்தது என்று கேட்டிருப்பார். யாரும் பார்க்கவில்லை சார். ஒருத்தராவது பார்த்திருக்கலாம்.